பாட்டரி மேல் பழி

பழைய புல்லட்டில் ஸ்பீடாமீட்டரை ஒட்டிச் சின்னதாக ஒரு அம்மீட்டர் இருக்கும். நடுவில் பூஜ்ஜியம். பாட்டரியில் சார்ஜ் ஏறினால் முள் வலப்பக்கம் சாயும், இறங்கினால் இடப்பக்கம். ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டதும் இடப்பக்கம் விழுந்து, ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க நடுவைத் தாண்டி வந்தால் வண்டி நலம். வராவிட்டால் மறுநாள் சாயங்காலமே வீட்டு வாசலில் வேலை ஆரம்பித்துவிடும்.

ஐம்பதுகளில் மதராஸில் தயாராகத் தொடங்கிய புல்லட்டை எண்பதுகளில் வைத்திருந்த குடும்பங்களுக்கு இது பழக்கமான காட்சி. எங்கள் வீட்டில் இருந்தது 6 வோல்ட் வண்டி. சார்ஜ் ஏறவில்லை என்றால் அப்பா முதலில் டெர்மினலைப் பார்ப்பார். உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவுவார். ஒருமுறை அதற்கும் முள் சரியாகவில்லை.

"டேய், ஹேண்டிலை மெதுவா லெஃப்ட்ல ஒடி."

ஒடித்தேன். முள் சட்டென்று விழுந்தது, நேராக்கினால் எழுந்தது. "கழுத்துலதான்டா வயர் தேயுது" என்று ஹெட்லைட்டைக் கழற்றினார். வயர்கள் உள்ளே நுழையும் வளைவில், ரப்பர் உரிந்து செம்பு இழைகள் பளபளத்தன. இன்சுலேஷன் டேப் சுற்றியதோடு சரி.

இப்போது என் அக்கா மகனிடம் இருக்கும் பைக்கின் டிஜிட்டல் திரை எந்த கியர், எத்தனை கிலோமீட்டர், போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் காட்டும். பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று மட்டும் காட்டாது. கிக்கர் கிடையாது. பாட்டரி அடியோடு இறங்கினால் பெட்ரோல் பம்ப் ஓடாது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

"மாமா, கடைல புது பாட்டரி போட்டாங்க. மறுபடியும் செல்ஃப் எடுக்கல" என்று வந்து நின்றான்.

மல்ட்டிமீட்டரை எடுத்தேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சாதனம் அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் பூஜை அறையில் வைத்திருப்பார். நல்ல பாட்டரி எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம். வேறு பாட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து, பிறகு அதைக் கழற்றினோம். எவ்வளவு முறுக்கியும் 12-ஐ விட்டு நகரவில்லை. பாட்டரி மேல் குற்றமில்லை; அதற்குச் சாப்பாடே போகவில்லை.

எஞ்சினை நிறுத்தி, மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரைக் கழற்றினோம். மூன்று மஞ்சள் வயர்களில் ஒன்றின் முனை கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. காயில் பக்கம் மீட்டரை ஏசியில் வைத்து எஞ்சினை ஓட்டி, வயர்களை இரண்டிரண்டாக அளந்தோம். மூன்று அளவுகளும் ஒன்றுபோல் ஏறின. காயில் நன்றாக இருக்கிறது. கப்ளரை மட்டும் மாற்றியதும் மீட்டர் 14-ஐத் தொட்டது. பழைய பாட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்த்தோம். அதுவும் உயிரோடுதான் இருந்தது.

அந்தக் காலப் பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பார்கள். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி, விலை உயர்ந்த கம்ப்யூட்டர் யூனிட்டே போய்விடலாம்.

அம்மீட்டர் போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. வண்டிக்காரன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஜன்னல் அது. ஆகவே, கடையில் "பாட்டரி போச்சு" என்றதும் பணத்தை எடுக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.