கதை எது, வாழ்க்கை எது?

கேள்வி: உருது எழுத்தாளர் மண்ட்டோவைப் பற்றிய படத்தில் எது அவர் வாழ்க்கை, எது அவர் கதை என்று பிரித்தறிய முடியவில்லை எனப் பார்வையாளர் சிலர் குறைப்படுகின்றனர். இது இயக்குநரின் பிழையா?

பதில்: பிழையன்று, படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. நந்திதா தாஸ் இயக்கத்தில் நவாசுதீன் சித்திக்கி நடித்து 2018இல் வெளிவந்த ‘மண்ட்டோ’, பம்பாயிலும் லாகூரிலும் அவர் வாழ்ந்த ஆண்டுகளைச் சித்திரிக்கும்போதே, அவருடைய சிறுகதைகளையும் முன்னறிவிப்பின்றிக் காட்சிகளாக இடையில் நுழைத்துவிடுகிறது. அவற்றை முன்பே படித்தவர்கள் அந்த இணைப்பை ரசிக்க, படிக்காதவர்கள் திகைத்து நிற்கின்றனர்.

ஆனால் இதே குழப்பம் அரசுகளுக்கும் இருந்தது. கதைமாந்தரின் செயலுக்காகக் கதாசிரியரைக் கூண்டில் ஏற்றிய ஆபாச வழக்குகள், அதாவது ஒழுக்கத்துக்குக் கேடான எழுத்து என்று தொடரப்பட்ட குற்றவழக்குகள், பிரிவினைக்கு முன் மூன்றும் பின் பாகிஸ்தானில் மூன்றுமாக அவர்மீது பாய்ந்தன. நாடு இரண்டானபோதும் குற்றச்சாட்டு ஒன்றாகவே இருந்தது. பைத்தியக்கார விடுதியில் இருப்போரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் ‘தோபா தேக் சிங்’ கதையைப் படித்தவர்க்கு, 1955இல் 42 வயதில் லாகூரில் முடிந்த அவர் வாழ்வும் அதன் தொடர்ச்சியாகவே தோன்றும்.

எழுத்தாளரைப் பற்றிய படத்தின் உண்மையான வெற்றி அவர் நூலைத் தேட வைப்பதாகும். குழம்பியவர்கள் முதலில் அக்கதைகளைப் படித்துவிட்டு, படத்தை மறுமுறை பார்க்க வேண்டும்.