சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

அல்சூர் வாசகர்: கேன்சர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் அறைச் சுவர் ஒரு ஆள் உயரத்துக்குத் தடிமனாக இருக்கிறதே, கான்ட்ராக்டர் பில்லை ஏற்றுகிறாரா?

பில்லை ஏற்றுவது இயற்பியல். சிகிச்சை மெஷினான லீனியர் ஆக்சிலரேட்டரின் 6 மெகாவோல்ட் எக்ஸ்ரே, கான்கிரீட்டில் முதல் 37 செ.மீ. தாண்டியதும் பத்தில் ஒன்றாகும். அப்புறம் ஒவ்வொரு 33 செ.மீ.க்கும் மறுபடி பத்தில் ஒன்று. லட்சத்தில் ஒரு பங்குதான் வெளியே வரலாம் என்றால் 169 செ.மீ. ஆச்சு. கதிரைப் பூஜ்யமாக்க எந்தச் சுவராலும் முடியாது. பொதுமக்களுக்குச் சேரும் கதிர் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இயற்கை நமக்குத் தருவதே உலக சராசரியில் இரண்டு மில்லிசீவர்ட்டுக்கு மேல். லால்பாக் பாறைமேல் உட்கார்ந்து கடலைக்காய் தின்றாலும் அதில் ஒரு துளி சேரும்.

இந்திராநகர் வாசகி: சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிங் என்று பிளானில் போட்டால் சுவரைக் குறைத்துக்கொள்ளலாமாமே?

உண்மைதான். அங்கே ஒருவர் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதும் கணக்கில் வரும். முழுநேர ஆபீஸுக்கு 1, கட்டடத்துக்குள் நடைபாதைக்கு 1/5, ஆளில்லாத பார்க்கிங்குக்கு 1/40. நாற்பது மடங்கு சலுகை என்றால் கான்கிரீட்டில் அரை மீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் பெங்களூரில் ஆளில்லாத பார்க்கிங்கை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் 1/40 திரும்ப 1 ஆகிவிடும். அந்த நாற்காலியின் விலை அரை மீட்டர் கான்கிரீட். அதனால்தான் கட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கம், மேல்தளம், கீழ்தளம் எல்லாம் காட்டி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் பிளான் அனுமதி வாங்க வேண்டும். பின்னால் அந்த இடத்தில் கேன்டீன் திறக்க ஆசைப்படும் நிர்வாகி, இட்லிக் கணக்குக்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

சிவாஜிநகர் மாணவர்: கால்குலேட்டரில் முடிகிற விஷயத்துக்கு சிமுலேஷன் எதற்கு? பந்தாதானே?

நேர்ச் சுவருக்கு என்றால் ஓரளவு பந்தாதான். ஆனால் அறைக்கு வாசல் வேண்டுமே! கதிர் நேராக வெளியே ஓடிவிடாதபடி வழியை வளைத்துக் கட்டுவார்கள். கதிர் சுவரில் மோதி, சிதறி, திரும்பவும் மோதி வரும். எளிய சூத்திரங்கள் அங்கே தடுமாறும். மூலைகள், குழாய்த் துளைகள், மெல்லிய கூரை வழியாக மேலே போய்க் காற்றில் சிதறித் திரும்பிவரும் கதிர், இதெல்லாம் மான்டி கார்லோ என்ற சிமுலேஷன் முறையின் ராஜ்யம். அது பிறந்த கதை இது.

1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்தனிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடினார். ஜெயிக்கும் வாய்ப்பைச் சூத்திரத்தில் பிடிப்பதைவிட நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிடலாமே என்று தோன்றியது. அதையே அணுகுண்டு ஆய்வில் நியூட்ரான்களுக்குப் பயன்படுத்த இன்னொரு கணிதவியலாளர் வான் நியூமன் கைகொடுத்தார். சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு சூதாட்ட நகரமான மான்டி கார்லோவுக்குக் கிளம்பும் உலாமின் மாமாவை நினைத்துப் இந்த முறைக்குப் பெயர் வைத்தவர் அவர்களோடு வேலை செய்த மெட்ரோபொலிஸ். எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா உண்டு; எல்லா மாமாவின் பெயரிலும் விஞ்ஞானம் வளர்வதில்லை.

இன்று எம்சிஎன்பி, ஜியான்ட்4, ஃப்ளூகா போன்ற மென்பொருள்கள் செய்வதும் அதே. ஒரு போட்டானை, அதாவது எக்ஸ்ரேயின் ஒரு துகளை, விடு. அடுத்த மோதல் எத்தனை செ.மீ. தள்ளி, மோதினால் சிதறுமா, மாளுமா, எந்தத் திசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்செயல் எண். இப்படிக் கோடிக்கணக்கில். இதில் ஒரு சிக்கல்: லட்சத்தில் ஒன்றுதான் வெளியே வரும் என்றால், கோடி போட்டானை விட்டாலும் கடைசியில் எண்ணுவதற்கு நூறுதான் மிஞ்சும். எனவே ஒரு தந்திரம். சுவருக்குள் ஆழமாகப் போன போட்டானை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதி மதிப்பு கொடுப்பார்கள். மேலும் ஆழம் போனால் மேலும் பிரிப்பார்கள். உருப்படாத திசையில் போவதைச் சீட்டுக் குலுக்கி, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, பிழைத்ததன் மதிப்பை ஏற்றுவார்கள். சராசரி மாறாது, காத்திருக்கும் நேரம் குறையும்.

ஓசூர் வாசகர்: ஈயத் தகடு அடித்தால் வேலை முடிந்ததே?

குறைந்த ஆற்றல் என்றால் முடிந்தது. 10 மெகாவோல்ட்டுக்கு மேலே போனால் மெஷினுக்குள் இருக்கும் டங்ஸ்டன், ஈயம் இவற்றிலிருந்தே நியூட்ரான் கிளம்பும். நியூட்ரானுக்கு ஈயம் ஒரு பொருட்டே இல்லை. அதை அடக்க ஹைட்ரஜன் வேண்டும். கான்கிரீட்டில் தங்கியிருக்கும் தண்ணீர் அங்கே உதவுகிறது. கதவில் போரான் கலந்த பாலித்தீன் வைப்பார்கள். நியூட்ரான் பிடிபடும்போது புதிதாகக் காமாக் கதிர் பிறக்குமே, அதற்காக ஈயமும் கூடவே இருக்கும்.

மடிவாளா வாசகி: மாமனாருக்கு லீனியர் ஆக்சிலரேட்டரில் சிகிச்சை. வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சையில் அவர் உடம்பில் எதுவும் தங்காது. கோபால்ட் மெஷினிலும் அப்படியே. கதிர் மூலம் மெஷினோடு இருக்கும், வீட்டுக்கு வராது. உடம்புக்குள் கதிர்மருந்து வைத்தவர்களுக்கு விதிகள் வேறு, டாக்டரைக் கேளுங்கள்.

ஸ்ரீராமபுரம் கட்டட மேஸ்திரி: கம்ப்யூட்டர் கணக்குக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் சார்?

மேஸ்திரி, உங்களிடம்தான் எல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கான்கிரீட்டின் அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 2.35 கிராம் என்று நம்பிக் கணக்குப் போடும். நீங்கள் 2.2இல் ஊற்றினால், அந்த 169 செ.மீ. சுவர் 158 செ.மீ. வேலைதான் செய்யும், வெளியே வரும் கதிர் இரண்டு மடங்காகும். வைப்ரேட்டரைச் சரியாகப் போடாமல் உள்ளே பொந்து விழுந்தாலும், எலக்ட்ரீஷியன் நேர்க்குழாய் சொருகினாலும் சிமுலேஷனுக்குத் தெரியாது. அதனால்தான் மெஷின் வந்ததும் மருத்துவ இயற்பியலாளர் சர்வே மீட்டரோடு சுவர் சுவராக நடப்பார். கம்ப்யூட்டர் ஒன்றும் மீட்டர் வேறொன்றும் சொன்னால், நான் மீட்டர் பக்கம்.