கடலைக் கொல்லைக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: காட்டுப்பன்றி கடலைக் கொல்லையைக் கிண்டிப் போட்டுவிடுகிறது. உரிமம் உள்ள வேட்டைக்காரர்களுக்கு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், திருக்கோகர்ணம்

பதில்: கூடவே கூடாது. பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே உரிமமே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. பயிரைக் காக்கச் சுடுவது வேறு. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடலாம். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போய்ச் சுடுகிறார்கள்.

நடுச்சாமத்தில் கொல்லையில் நின்று பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் செடி அசைகிறது. பன்றியா, காவலுக்கு வந்த பங்காளியா? நாட்டுத் துப்பாக்கியில் ஒரு வெடி போட்டால் மருந்து கிட்டித்துத்தான் அடுத்தது. அந்த இடைவெளியில் கண் தெளியும், "யாருப்பா அது?" என்று குரல் கொடுக்கவும் நேரமிருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கில் விரல் மடங்க மடங்கக் குண்டு பாயும். பதற்றத்தில் விரலுக்குக் கணக்குத் தெரியாது. பன்றிக்குப் பட்டா கிடையாது. ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் பட்டாதாரர் படுத்திருப்பார்!

உங்கள் நஷ்டம் நிஜம். கூப்பிட்ட அன்றே வனத்துறை வர வேண்டும், அடுத்த விதைப்புக்குள் இழப்பீடு கைக்கு வர வேண்டும். அதற்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.