அடுக்கு மெத்தை சாஸ்திரம்

மெத்தையை முழுசாக வாங்குவது இப்போது மரியாதைக் குறைவு. லேடெக்ஸ் அடுக்குகளைத் தனித்தனியே வாங்கி, ஜிப் வைத்த உறைக்குள் நாமே அடுக்க வேண்டும்.

முதல் கேள்வி, டன்லப்பா தலாலேயா? இரண்டுமே நுரைத்த ரப்பர் பால்தான். டன்லப்பில் பாலை அடித்து நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி, வேக வைப்பார்கள். கனமான துகள்கள் கீழே படிவதால் அடிப்பக்கம் சற்றுக் கெட்டி. தலாலேயில் காற்றை உறிஞ்சி, உறைய வைத்து, கரியமில வாயுவைச் செலுத்தி, பிறகுதான் சூடு. கல்யாணச் சமையலில்கூட இத்தனை பக்குவம் பார்ப்பதில்லை. விலையில் அது தெரியும்.

அடுத்தது ஐ.எல்.டி.: அடுக்கைக் கால் பங்கு அமுக்க எத்தனை பவுண்டு பாரம் வேண்டும் என்ற கணக்கு. 20 பக்கம் இருந்தால் மிருது, 40ஐ நெருங்கினால் கெட்டி. சொந்த எடையைக் கேட்டால் மழுப்புகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

கெட்டி அடியில், மிருது மேலே. ஒருக்களித்துப் படுப்பவருக்கு மேலடுக்கு இன்னும் மிருதுவாக வேண்டும். குப்புறப் படுப்பவருக்கு ஆகாது. கணவனும் மனைவியும் ஒத்துப்போகாவிட்டால் பாதகமில்லை, அடுக்கை நெடுக்காக இரண்டாக வெட்டியே விற்கிறார்கள்.

எதை வாங்கினாலும் தனியாளாகத் தூக்காதீர்கள். லேடெக்ஸ் நல்ல கனம்; பிடியும் கிடைக்காது.