கிளட்ச் அடியில் பிடித்தல்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு முதுமையில் வரும் நோய்களுள் ஒன்று, கிளட்ச் அடியில் பிடிப்பது. பெடல் தரையை முத்தமிட்டால்தான் கியர் விழும். பாதத்தை நூலளவு தூக்கினாலே கார் பாயும். உரிமையாளர் இதை 'கிளட்ச் போய்விட்டது' என்பார். உண்மையில் போனது கிளட்ச் அன்று, அதை இயக்கும் சங்கிலியில் ஒரு சின்ன உறுப்பு. முழுதின் பெயர் உறுப்புக்கு ஆகி வந்ததால் இது முதலாகுபெயர். அதை நேர்பொருளாகக் கொள்ளும் மெக்கானிக் எஞ்சினை வெளியே தூக்குவார். இந்தக் காரில் கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் காண வேறு வழியில்லை. இலக்கணப் பிழைக்கு இவ்வளவு பெரிய பில் வேறெந்தத் துறையிலும் வருவதில்லை.

இனி நூற்பொருள். பெடல் ஒரு தள்ளுகோலை நெருக்க, அது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயிலை நெருக்க, ஆயில் கீழே ஸ்லேவ் சிலிண்டரை நெருக்கும். மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவுக்கு ஒன்றேகால். பரப்பளவில் 9-க்கு 25. ஆகவே கீழே அரை அங்குலம் நகர, மேலே ஏறக்குறைய 1.4 அங்குலம் நகர வேண்டும். கிளட்ச் விடுபடத் தேவையானதும் ஏறத்தாழ அந்த அரை அங்குலமே. இதில் களவு போனால் தாங்காது.

கள்வன் யார்? காற்றுவாதிகள் குழாயில் புகுந்த காற்று என்பர். ரப்பர்வாதிகள் தேய்ந்த சீல் என்பர். இரு சாராரும் சில நேரம் சரியே. பெடலை விரைந்து இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கும் இடம் மேலே ஏறுகிறதா? காற்று. மிதித்துப் பிடித்திருக்கையில் கார் மெல்ல ஊர்கிறதா? சீல். இரண்டும் இல்லாமல், பெடலின் தொடக்கத்திலேயே கால் வெறுமையில் நீந்துகிறது என்றால் மூன்றாம் கட்சியே வெல்லும்: பெடலையும் தள்ளுகோலையும் கோக்கும் பின். மாஸ்டர் முழுதாகத் திரும்பி வரக் கொஞ்சம் பிளே வேண்டியதுதான். ஆனால் நீச்சல் வேறு, பிளே வேறு.

அற்றேல், ஸ்லேவின் தள்ளுகோலிலும் இப்படி ஒரு பின் உண்டே, அது தேய்ந்தால் ஆகாதோ எனின், பெரிதும் ஆகாது என்க. ஸ்லேவுக்குள் ஒரு சுருள்வில் ஓயாமல் பிஸ்டனை வெளியே தள்ளி, அங்குள்ள தளர்ச்சியைத் தானே விழுங்கிவிடும். மேலேயோ நிலைமை தலைகீழ். கால் எடுத்ததும் ஒரு வில் பெடலைப் பின்னுக்கு இழுத்து, தேய்மானம் முழுவதையும் அடுத்த மிதிக்காகத் திறந்து வைக்கிறது. அந்த இடைவெளியைக் கடந்த பிறகுதான் மாஸ்டர் அசையும். பெடலின் நெம்புகோல் அதைப் பாதத்தில் பெருக்கியும் காட்டும். அடிமை தன் குறையைத் தானே சுமக்கிறது. எசமானின் குறையை ஓட்டுநரின் கால் சுமக்கிறது. இருந்தும் எல்லோரும் முதலில் மாற்றுவது ஸ்லேவைத்தான். பெயர் ராசி.

களஆய்வுக்கு பானெட்டைத் திறந்து, பெடல் பெட்டியின் மூடியை எடுத்துப் பின்னை உருவினால் போதும். உருண்டையாயிருக்க வேண்டியது நடுவில் படிவிழுந்து இடை சிறுத்திருக்கும். சிற்றிடை புலவர்க்கு இன்பம், பின்னுக்கு நோய். சில காசு கொடுத்துப் புதியதைப் போட்டும் பாதிக் குறையே தீர்ந்தது என்று சிலர் நம் கட்சி மீதே பழி போடுவர். அவர்கள் பெடலில் உள்ள துளையைப் பார்க்கவில்லை. வட்டமாகப் பிறந்த அது இப்போது முட்டை. வெல்டிங்கால் அடைத்து மறுபடி துளைக்க வேண்டும், அல்லது புஷ் அடிக்க வேண்டும். அதற்குப் பெடலைக் கழற்றியாக வேண்டும். எஞ்சினை அன்று.