ஓடு போட ராஜா சம்மதம் வேண்டும்!

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரம் ஒன்று நிற்கிறது. அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார் என்பது ஊர் நம்பும் கதை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிமெண்ட் இல்லை, மணல் இல்லை, கம்பி இல்லை, பிளான் அப்ரூவல் இல்லை. முக்கியமாக, வரி இல்லை. திருவிதாங்கூரின் முதல் பசுமைக் கட்டடம் அதுதான். குடியேறியவருக்குத்தான் அங்கே தங்க இஷ்டமில்லை.

வெளியே வந்தவர் 1729-ல் ராஜாவானார். பொந்துக்குள் மடங்கிக் கிடந்த முதுகு இனி குனியுமா? பத்மநாபபுரத்தில் நாலு அடுக்கு உப்பரிகை மாளிகை எழும்பியது. உச்சித் தளம் சாமிக்கு ரிசர்வ். 1750 ஜனவரியில் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். ராஜ்யம் மொத்தத்தையும் ஸ்ரீபத்மநாபசாமிக்கு எழுதி வைத்துவிட்டு, தன்னைப் பத்மநாபதாசன் என்று அறிவித்துக்கொண்டார். சொத்து சாமி பேரில், சாவி தாசன் இடுப்பில். நம் ஊர் ஆடிட்டர்கள் இத்தனை வருஷமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் விஷயத்தை, மனுஷர் ஒரே காலையில் முடித்துவிட்டார்!

இதெல்லாம் எதற்கு? நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்கடவிளையில் இன்றைக்கு ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்தால், பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், ஜி.எஸ்.டி. என்று நாலு பக்கமும் ஆள் வந்து நிற்கிறது. 'எங்க தாத்தா காலத்தில் இப்படி இல்லை' என்று பெருமூச்சு விடுவார். பாவம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் இதைவிட மோசம்.

மலையாளக் கரையில் ராஜாக்களுக்கு ஒரு வியாதி இருந்தது. தன் அரண்மனையைக் கட்டி முடித்ததும், அடுத்தவன் கூரையை எட்டிப் பார்ப்பது. கோழிக்கோட்டு சாமூதிரி இதில் டாக்டரேட் வாங்கியவர். கொச்சி ராஜாவின் அரண்மனைக்கு ஓடு வேயலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் உரிமை தனக்குத்தான் என்றார். இங்கே மூக்குடைபட்டது சாதாரணக் குடிமகன் இல்லை சாமி, ஒரு ராஜா. தலையில் கிரீடம், தலைக்கு மேலே கீற்று. போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியதும் கொச்சி ராஜா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதற்கு இந்தக் கூரை வயிற்றெரிச்சலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றால் நான் நம்புவேன்.

ராஜாவுக்கே இந்த நிலை என்றால் குடிமகனுக்கு? திருவிதாங்கூரில் வீட்டுக்கு ஓடு போட வேண்டுமானால் அரசனிடம் காணிக்கைப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அடியறை என்று அதற்குப் பெயர். பணம் மட்டும் இருந்தால் போதாது, ஜாதியும் சரியாக இருக்க வேண்டும். பெருங்கடவிளைப் பக்கத்துப் பனையேறிகள் பாடு இன்னும் விசேஷம். ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். இறங்குவதற்குத் தனியாக வரி போட அந்த அதிகாரிகளுக்கு எப்படி மறந்து போனதோ தெரியவில்லை.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? தாடி வைத்த ரிஷியா, வாள் பிடித்த தளவாயா? பதினாறு வயதுப் பெண். ராணி கௌரி பார்வதி பாய் 1802-ல் பிறந்தவர். குழந்தை சுவாதித் திருநாளுக்காக 1815-ல் ஆட்சிப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1818-ல் ஒரு விளம்பரம் போட்டார்: அடியறை கட்டாமல் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு ஓடு போட்டுக்கொள்ளலாம். நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையிடம் ஃபேன் ஸ்விட்ச்சை அணைக்கச் சொன்னாலே கேட்பதில்லை!

ஆனால் பாருங்கள், ராணி அனுமதி கொடுத்தாரே தவிர ஓடு கொடுக்கவில்லை. ஓலைக்கூரைக்காரர் 1818-க்கு முன்பு தடையால் ஓலையில் இருந்தார். 1818-க்குப் பிறகு சொந்த விருப்பத்தின் பேரில் ஓலையில் இருந்தார்.

சில்லறை வரிகளை ஒழிக்க இன்னொரு தலைமுறை ஆனது. கும்பகோணத்துக்காரர் மாதவராவ் திவானாக உட்கார்ந்து, 1860-களில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி வரிகளைத் துடைத்து எறிந்தார். நல்ல காரியம், கை தட்டுவோம். தட்டிவிட்டு ஒரு நிமிஷம் யோசிப்போம்: ஒழிப்பதற்கே நூற்றுக்கும் மேலே இருந்தது என்றால், போட்டவர்களுக்கு எவ்வளவு கற்பனை வளம் இருந்திருக்க வேண்டும்!

அப்புறம் வந்தது சபை. 1888-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா சட்ட ஆலோசனை சபை ஒன்றை அமைத்தார். இந்திய சமஸ்தானங்களிலேயே முதல் சபை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அதிகபட்சம் எட்டே உறுப்பினர்கள், அதில் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். அரசாங்கத்தை அரசாங்கமே கேள்வி கேட்டு, அரசாங்கமே பதில் சொல்லிக்கொண்டது. அமளி, வெளிநடப்பு எதுவும் இருந்திருக்காது. வெளியே நடந்தால் ஆபீசுக்குத்தான் போக வேண்டும்.

1904-ல் பிரஜா சபை. திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி ஹாலில் கூட்டம். நிலவரி கட்டும் பெரிய மனுஷர்களும் வியாபாரிகளும் தலைப்பாகை சகிதம் ஆஜர். திவான் தலைமை வகித்து ராஜ்யத்தின் வரவு செலவை வாசிப்பார். இவர்கள் குறைகளைச் சொல்லலாம். ஓட்டு? அது கிடையாது. எங்கள் ஊர் ரோடு சரியில்லை, எங்கள் ஊர் வரி அதிகம் என்று மனு. வரி கட்டுகிறவன்தான் பேசலாம் என்றால் வரியைப் பற்றித்தானே பேசுவான்?

அந்த ஹாலுக்குள் ஒருநாள் வேறு மாதிரி ஆள் ஒருவர் வந்தார். இதே நெய்யாற்றின்கரை தாலுகாவின் வெங்ஙானூர்க்காரர், அய்யன்காளி. 1893-ல் வில்வண்டியில் ஏறி, தன் ஜனங்களுக்கு மறுக்கப்பட்ட ராஜபாதையில் ஜம்மென்று சவாரி போனவர். 1911 கடைசியில் சபைக்கு நியமனம், 1912-ல் பேச்சு. மற்றவர்கள் வரியைக் குறை, தீர்வையைக் குறை என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இவர் கேட்டது, புலையர் சமூகத்தார் குடிசை போடப் புதுவல் எனப்படும் அரசுத் தரிசு நிலம். வரி கட்டவாவது எங்களுக்கு ஒரு துண்டு மண் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால், தலைப்பாகைகள் என்ன பதில் சொல்லும்?

வேடிக்கை என்னவென்றால், அவரை நியமித்தது திவான் ராஜகோபாலாச்சாரி காலத்து அரசாங்கம். அதே திவானைப் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டு, 1910-ல் திருநெல்வேலிச் சீமைக்கு நாடு கடத்தப்பட்டவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. அவரும் நெய்யாற்றின்கரைதான். பெரிய தைரியசாலி. ஆனால் புலையர் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காருவது என்று வந்தபோது அந்தத் தைரியசாலி எதிர்த்து எழுதினார். ஹீரோ பக்கமா வில்லன் பக்கமா என்று தெரியாமல் நாம் முழிக்கிறோம். கடைசியில் 2019-ல் அரசாங்கம் ஒரு முடிவு செய்தது. விக்டோரியா ஹாலுக்கு இப்போது அய்யன்காளி ஹால் என்று பெயர். திவான் பெயரும் இல்லை, ராணி பெயரும் இல்லை.

சுதந்திரம் வந்தது, 1956-ல் கேரளம் பிறந்தது. குமரித் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை, தமிழர்கள் கேட்டும், அந்தப் பக்கமே தங்கிவிட்டது. 1961-ல் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர். சட்டசபையில் கட்டட வரிச் சட்டம் நிறைவேறியது. சூத்திரம் ரொம்ப எளிமை: டேப்பை எடு, தளத்தை அள, 1,000 சதுர அடியா, வரி போடு. சலவைக்கல் பங்களாவும் கொல்லைப்புற கோடவுனும் டேப்புக்கு ஒன்றுதான்!

1968-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஐயா, எந்த இடத்தில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு பெறும் என்று எதையும் பார்க்காமல் அளவை மட்டும் பார்ப்பது சமத்துவம் ஆகாது. சட்டம் அவுட். அரசாங்கம் 1975-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. இந்த முறை கட்டடத்தின் மதிப்பைப் பார்ப்போம் என்றது. மதிப்பு போடுவது என்ன லேசா? உரிமையாளர் சொல்வது ஒன்று, அதிகாரி சொல்வது ஒன்று. 1992-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எப்படி? பஞ்சாயத்து, முனிசிபாலிடி, கார்ப்பரேஷன் என்று ஊரைத் தரம் பிரித்துக்கொண்டு, மறுபடியும் டேப்பையே எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டை அளந்த அரசாங்கம் வீடு கொடுக்கவும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். அச்சுத மேனன் மந்திரிசபை 1970 ஜனவரி 1 முதல் நிலச்சீர்திருத்தத்தை அமல்படுத்தியது. கிராமத்தில், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட். 1912-ல் ஜூபிலி ஹாலில் கேட்ட கேள்விக்கு, ஐம்பத்தெட்டு வருஷம் கழித்துப் பாதி பதில். 1972-ல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தை அறிவித்தார். 960 பஞ்சாயத்து, பஞ்சாயத்துக்கு நூறு வீடு. கணக்குப் போட்டால் 96,000-தான் வருகிறது. மீதி நாலாயிரம்? பேருக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா! கட்டி முடித்ததும் லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள் வாழும் இரட்டை வீடுகள் ஊர் ஊராக எழும்பின. சுவர் செலவு மிச்சம். பக்கத்து வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்கும் செலவும் மிச்சம்.

இதே சமயத்தில்தான் லாரி பேக்கர் என்ற வெள்ளைக்காரர் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். பர்மிங்ஹாமில் பிறந்த மனுஷர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்டு என்று காந்தி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். காந்தி சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் லிஸ்ட் ரொம்ப நீளம் இல்லை. கிடைத்த துண்டுக் காகிதத்தில் பிளான் போடுவார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவே பொந்து விட்டுச் சுவர் கட்டுவார், கால்வாசிச் செங்கல் மிச்சம். கூரைக் கான்கிரீட்டுக்கு நடுவே பழைய ஓடுகளைப் பதிப்பார், சிமெண்டும் கம்பியும் மிச்சம். ஒரு காலத்தில் ராஜாவிடம் பணம் கட்டி அனுமதி வாங்கிய ஓடு, கடைசியில் கான்கிரீட்டுக்குள் பொந்தடைக்கப் போனது.

ஏழைக்கு என்று அவர் கண்டுபிடித்த வீட்டைப் பார்த்து ஏழை, 'எனக்கு பூச்சு பூசிய வீடு வேண்டும்' என்றார். வசதி உள்ளவர், 'எனக்கு பேக்கர் வீடு வேண்டும்' என்றார். செங்கல் தெரிந்தால் ஒருவருக்குக் கௌரவக் குறைச்சல், இன்னொருவருக்கு அதுவே ரசனை. கூரையில் ஜாதி பார்த்த ஊர், சுவரிலும் பார்க்கக் கற்றுக்கொண்டது.

டில்லி மட்டும் சும்மா இருக்குமா? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பலகையிலேயே உயர்ந்த 28 சதவீதத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பான் மசாலா, சொகுசுக் கார், அப்புறம், அட, நம் சிமெண்ட்! தலைக்கு மேலே கூரை வேண்டும் என்று ஆசைப்படுவதும் கெட்ட பழக்கங்களில் சேர்ந்துவிட்டது. எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 22-ல்தான் 18-க்கு இறங்கியது.

எனவே பெருங்கடவிளைப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 278.7 சதுர மீட்டரைத் தொடாதீர்கள். அதாவது 3,000 சதுர அடி. தொட்டால், 1999 ஏப்ரல் முதல் கட்டி முடித்த வீட்டுக்கு வருஷா வருஷம் கூடுதல் வரி உண்டு. ஆனால் சட்டத்தை எழுதிய புண்ணியவான்கள் கார் ஷெட்டையும் விறகுப்புரையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். விறகுப்புரையை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே கட்டில் போட்டு, ஏ.சி. மாட்டி, டி.வி. வைத்துவிட்டு, வில்லேஜ் ஆபீசர் டேப்போடு வரும் அன்றைக்கு மட்டும் வாசலில் நாலு விறகைச் சாய்த்து வைக்க மறந்துவிடாதீர்கள்.