52 சீட்டு ஃபிஃபா

கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஜமக்காளம் விரித்து ரம்மிக்கு உட்காருவார்களே, அந்த வட்டத்தில் இவரைத் தேடாதீர்கள். நாலடி தள்ளித் தூணோரமாக உட்கார்ந்திருப்பார். "அந்த இன்னொரு கட்டு சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கட்டம் போட்ட காகிதமும் பென்சிலும் வெளியே வரும். மொய் எழுத உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து யாராவது ஐந்நூறு ரூபாயை நீட்டினால், நிமிர்ந்து பார்க்காமலேயே, "கொஞ்சம் பொறுங்க, உருகுவேக்கு கார்னர் கிக்" என்பார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பெரும்பாலும் வங்கியிலோ கருவூலத்திலோ மின்வாரியத்திலோ கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கால்பந்தைத் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. அதுவும் வேலி தாண்டிப் போன பந்தை எடுத்துக் கொடுப்பதற்காக. 1986-இல் மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் காட்டியபோது, பக்கத்து வீட்டுப் பெட்டியில் நள்ளிரவில் மரடோனாவைப் பார்த்தார். அன்றிலிருந்து அர்ஜென்டினாக்காரர். பியூனஸ் அயர்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மேற்கே கைகாட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர் தோற்றால் இவர் வீட்டில் மறுநாள் காலை இட்லி மிஞ்சிவிடும்.

இவருடைய வாழ்நாள் சாதனை, சீட்டுக்கட்டில் கால்பந்து ஆடும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பு இன்னும் முடியவில்லை. முடிய விடமாட்டார்.

வேர் நமக்குத் தெரிந்ததுதான். வகுப்பில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாடப்புத்தகத்தைப் பட்டென்று திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எழுதி, சைபர் வந்தால் அவுட் என்று ஆடினோமே, அந்தப் புக் கிரிக்கெட். கிரிக்கெட்டுக்கு அது பொருந்தும். பந்துக்குப் பந்து ஓர் எண் வந்தாக வேண்டிய ஆட்டம் அது. கால்பந்தில் அப்படியா? தொண்ணூறு நிமிடத்தில் எண்பத்தெட்டு நிமிடம், ஸ்கோர் எழுதுகிறவனுக்கு வேலையே கிடையாது. ஒன்றும் நடக்காததைச் சீட்டில் எப்படிக் கொண்டுவருவது? ஓய்வு பெற்ற மறுநாளே இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கேள்விக்குத் தகுதியான ஆள்தான். ஒன்றும் நடக்காத இடத்தில் முப்பது வருஷம் பதிவேடு பராமரித்தவர்.

முதலில் சீட்டுக்கட்டே கால்பந்துக்காகத்தான் அச்சடிக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். சிவப்பு 26, கருப்பு 26: இரண்டு அணிகள். முதல் பாதிக்கு 26 சீட்டு, இரண்டாம் பாதிக்கு 26. ஆஸ் முதல் ஜாக்கி வரை எண்ணினால் பதினொன்று: பதினொரு ஆட்டக்காரர்கள். ராணியும் ராஜாவும் மாற்று ஆட்டக்காரர்கள், பெஞ்சில். இத்தனை பொருத்தம் தற்செயலாக அமையுமா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டார். ஆஸ் விழுந்தால் கோல் என்று ஒரே ஒரு விதி எழுதி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, முதல் ஆட்டத்தைத் தொடங்கினார்.

அர்ஜென்டினா 2, பிரேசில் 2. பிரமாதமான ஆட்டம். அடுத்து இத்தாலி 2, ஜெர்மனி 2. அதற்கடுத்து ஸ்பெயின் 2, ஹாலந்து 2. "உலகத் தரத்துல இப்ப வித்தியாசமே இல்லாம போச்சு, பாத்தியா!" என்று வியந்தார். எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "ஏங்க, கட்டு முழுசையும் திருப்பினா சிவப்பு ஆஸ் ரெண்டு, கருப்பு ஆஸ் ரெண்டு. ரெண்டுக்கு ரெண்டு வராம வேற என்ன வரும்?"

அன்று இரவு முதல் திருத்தம் நிறைவேறியது: கட்டு முழுவதையும் திருப்பக் கூடாது. எத்தனை சீட்டு திருப்புவது? இங்கேதான் பழைய கணக்கர் விழித்துக்கொண்டார். கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டத்தில் 172 கோல். ஆட்டத்துக்குச் சராசரி 2.69. நாலு ஆஸ் உள்ள 52 சீட்டில் 35-ஐத் திருப்பினால் சராசரியாக எத்தனை ஆஸ் வரும்? 2.69. கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பிரபஞ்ச ரகசியம் ஒன்று தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிடிபட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. மறுநாள் பால்காரரிடமும் சொன்னார். பால்காரர் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று கேட்டார்.

ஆனால் நாலே ஆஸ் என்றால் ஓர் அணிக்கு இரண்டு கோலுக்கு மேல் கிடைக்காதே. 2022 இறுதி ஆட்டமே 3-3. ஆகவே இரண்டாம் திருத்தம்: திருப்பிய சீட்டை உடனே கட்டில் சேர்த்து மறுபடி கலைக்க வேண்டும். எத்தனை முறை கலைப்பது? 52 சீட்டு சரிவரக் கலைய ஏழு தடவை விசிறிக் கலைக்க வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டையகோனிஸ் என்ற இரண்டு கணித மேதைகள் 1992-இல் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அவர் வீட்டில் நிம்மதி போயிற்று. சீட்டுக்கு ஏழு கலைப்பு; 35 சீட்டுக்கு 245 கலைப்பு. அசல் ஆட்டமாவது இடைவேளையோடு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்.

இடைப்பட்ட நேரத்தை நிரப்புவது வர்ணனை. பத்து வந்தால் கார்னர், ராணி வந்தால் ஃபவுல், ராஜா வந்தால் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும். கிளாவர் மூன்று வந்தால் ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவர் உயிரைக் கொடுத்து வர்ணிப்பார். "நடுக்களத்துல பந்து... பின்னாடி தள்றாங்க... மறுபடியும் பின்னாடி..." சமையலறையிலிருந்து, "அவங்களுக்கு முன்னாடி போகவே தெரியாதா?" என்று குரல் வரும். "பொறுமையா ஆடுறாங்கடி!" என்று ஐரோப்பா முழுமைக்கும் சார்பாக இவர் பதில் சொல்வார்.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை விவகாரம் தனிக்கதை. 1966-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தோடு ஆடியபோது அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை நடுவர் வெளியே போகச் சொன்னார்; அவர் போக மறுத்தார்; யாருக்கு யார் என்ன சொன்னார்கள் என்றே புரியாமல் பெரிய ரகளை. அந்தக் குழப்பத்தைப் பார்த்த கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்கு, பிறகு சிக்னல் விளக்கைப் பார்த்தபோது தோன்றிய யோசனைதான் இந்த அட்டைகள். 1970 உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. "அட்டைங்கிறதே எங்க ஆளாலதான் உலகத்துக்குக் கிடைச்சுது" என்று பெருமையாகச் சொல்வார். தன் ஆட்டத்திலும் அதைக் கொண்டுவர ஆசைப்பட்டு, சிவப்புச் சீட்டு வந்தால் சிவப்பு அட்டை என்று விதி எழுதினார். கட்டில் பாதி சிவப்பு. பதினைந்தாம் நிமிடத்தில் மைதானத்தில் நடுவரைத் தவிர ஆள் இல்லை. விதி வாபஸ்.

இதுவரை சொன்னதெல்லாம் விஞ்ஞானம். இனிமேல் சொல்லப்போவது அரசியல்.

அவருடைய விதிப்புத்தகம் லாங் சைஸ் நோட்டு, காக்கி அட்டை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே தேதி போட்டிருப்பார். அதே தேதியைப் பக்கத்து நோட்டில், ஆட்ட முடிவுகள் எழுதிய நோட்டில், தேடிப் பாருங்கள். தவறாமல் அன்று அர்ஜென்டினா தோற்றிருக்கும். கேமரூனிடம் தோற்ற அன்று நட்சத்திர விதி பிறந்தது: பலமான அணிக்கு ஆஸோடு ராஜாவும் கோல். எது பலமான அணி? "தலைவர் தீர்மானிப்பார்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். இங்கிலாந்திடம் தோற்ற அன்று ஜோக்கர் விதி. ஜோக்கர் விழுந்தால் கையால் தள்ளிய கோல், நடுவர் பார்க்கவில்லை, செல்லும். 1986 ஜூன் 22 அன்று மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகப் போட்டதற்கு முழு மரியாதை. மற்ற அணிகளுக்கு ஜோக்கர் விழுந்தால்? நடுவர் பார்த்துவிடுவார்.

இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை என்று மனதார நம்புகிறார். சீட்டு பாரபட்சமில்லாதது என்பதற்காகத்தான் சீட்டையே எடுத்தார். ஏழு தடவை கலைப்பதும் அதற்காகத்தான். சீட்டு மட்டும் நியாயத்தோடு கொஞ்சம் நன்றியும் காட்டினால் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. ஆட்டின் ஆஸின் ஒரு மூலை பஜ்ஜி எண்ணெயில் ஊறிச் சற்றே மடங்கியிருக்கிறது. கலைக்கும்போது விரலுக்குத் தட்டுப்படும். புதுக் கட்டு வாங்கச் சொன்னால், "இது பழகின கட்டு" என்பார். எந்தக் கையில் பழகியது என்று மனைவி கேட்பதில்லை.

அசல் உலகம் தன் விதிகளுக்கு ஒத்துவராதபோது அவர் படும் வேதனையைப் பார்க்க வேண்டும். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாந்தேயில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று அடித்தது. விடிகாலையில் பார்த்துவிட்டு, "சரியா கலைக்கலை" என்றார். 2022 நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. அதே ஆட்டம் முதல் நாள் இரவே அவர் மேசையில் நடந்து, அர்ஜென்டினா 3-0 என்று ஜெயித்திருந்தது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு, "இப்படி எல்லாம் நடந்தா ஜனங்க எப்படி நம்புவாங்க? ஃபிஃபா விதியைத் திருத்தணும்" என்றார்.

உலகத்தில் இவர் தனியாள் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக் சிறுவயதில் சீட்டுகளை வைத்துக் கற்பனை பேஸ்பால் பந்தயம் ஒன்றைத் தொடங்கி, பெரியவரான பிறகும் விடவில்லை. இல்லாத அணிகளுக்கு இல்லாத ஆட்டக்காரர்கள், அவர்கள் செய்த சாதனைகளுக்குச் செய்தித்தாள், எல்லாம் தன் கையால். இங்கிலாந்தில் பீட்டர் அடால்ஃப் என்பவர் 1947-இல் விரலால் சுண்டி ஆடும் மேசைக் கால்பந்தை விற்பனைக்குக் கொண்டுவர, உலகமே வாங்கி ஆடியது. இதைச் சொன்னால் நம்மவர் முகம் வாடும். விற்பதென்றால் விதிகளை அச்சடிக்க வேண்டும். அச்சடித்தால் அப்புறம் திருத்த முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, எனக்கு ஒரு டீம் குடுங்க, நானும் ஆடுறேன்" என்று கேட்டான். தாத்தா திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் எதிரே ஒருவன் உட்காருவான் என்று அவர் நினைத்ததே இல்லை. விதிப்புத்தகத்தில் அதற்கு இடமும் இல்லை. சவுதி அரேபியாவைக் கொடுத்தார். பையன் சீட்டுக்கு ஒரு தடவை மட்டும் கலைத்து, சரசரவென்று திருப்பி, ஐந்தே நிமிடத்தில் 4-0 என்று முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். ஏழு தடவை கலைக்காததால் அந்த முடிவு செல்லாது என்று அன்று மாலை தலைவர் அறிவித்தார். பையனுக்குத் தபாலில் கடிதம் போனது.

சரி, அவர் வீட்டு 2022 உலகக் கோப்பையை யார் வென்றார்கள்? அதுதான் இன்னும் முடியவில்லை. அங்கே கத்தாரில் 64 ஆட்டத்தையும் ஒரு மாதத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இங்கே அரையிறுதிக்கு வரவே ஒரு வருஷம் ஆனது. 2026-இல் 48 அணி, 104 ஆட்டம் என்ற செய்தி வந்தபோது, "ஆள் பலம் என்னன்னு பாக்காம ஆட்டத்தை ஏத்திக்கிட்டே போறாங்க" என்று ஆலோசனை கேட்கப்படாத ஊழியரின் குரலில் புலம்பினார்.

இறுதியில் அர்ஜென்டினா, பிரான்ஸ். அசலிலும் அதே ஜோடிதான். அசலில் பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியாயிற்று. முப்பத்தாறு வருஷம் காத்திருந்து கிடைத்த கோப்பை. இப்போது மேசையில் கட்டைக் கலைத்து, சிவப்புக்குப் பதில் கருப்பு ஆஸ் விழுந்துவிட்டால்? இத்தனை பாடுபட்டு நடுநிலைமையை வீட்டுக்கு அழைத்து வந்தவர், அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார். ஆகவே இறுதி ஆட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கட்டு ஏழு தடவை கலைக்கப்பட்டுப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருக்கிறது. யாரும் தொடக் கூடாது.

போன சித்திரையில் ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. கொளுத்தும் வெயில், வெளியே போக முடியாது. "ரம்மி போடலாம், அந்தக் கட்டை எடுங்க" என்றார் மனைவி.

"ஃபைனல் இருக்குடி."

"எப்பதான் நடக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. நாத்தனார் கட்டை எடுத்து வெட்டிப் பதிமூன்று பதிமூன்றாகப் போட ஆரம்பித்துவிட்டார். தலைவர் உள்ளே போய் லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்து, தேதி போட்டு, புதுத் திருத்தம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டார்: "கனமழை காரணமாக இறுதி ஆட்டம் மறுதேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."